வளரிளம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மன அழுத்தத் திட்டம்: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதிய இடைவேளை முடிந்த முதல் பாடவேளை. ஏழாம் வகுப்பில் கணக்கு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் தாளை வாங்கிப் பார்த்தான். நான்காக மடித்தான், எட்டாக மடித்தான், பிறகு முன்னால் இருந்த பெஞ்சை ஓங்கி உதைத்தான். பக்கத்தில் இருந்தவனின் ஜியாமெட்ரி பாக்ஸ் கீழே விழுந்து சிதறியது. வகுப்பே சிரித்தது. எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "வெளியே போய் நில்லு." போகும்போது கதவையும் உதைத்துவிட்டுப் போனான்.

தாளை எட்டாக மடித்தபோதே அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்த இடத்தில் அவன் செய்வதற்கு ஒரு வழி தெரிந்திருந்தால், நான் செய்வதற்கும் ஒன்று தெரிந்திருந்தால், கதவு தப்பித்திருக்கும். அவனும் அந்த வாரம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.

உங்களையும் யாரோ அழைத்து, "இந்த வருஷத்திலிருந்து பிள்ளைங்களோட ஸ்ட்ரெஸ், நடத்தை ரெண்டுக்கும் சேர்த்து ஒரு புரோகிராம் நடத்தணும், நீங்க பார்த்துக்குங்க" என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், புதிதாகச் சேர்ந்த ஆலோசகராக இருக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்வேன்: பிள்ளை அமைதியாக இருக்கும்போது பழகிய வழிதான் அவன் கொதிக்கும்போது கைகொடுக்கும். அமைதியான நேரத்தில் தினமும் பழக்காத திட்டம் எவ்வளவு நன்றாக அச்சடிக்கப்பட்டிருந்தாலும் சுவரில் ஒட்டிய சார்ட்டாகவே நின்றுவிடும்.

முதலில் இந்த வயதைப் புரிந்துகொள்ளுங்கள்

10 முதல் 14 வயது வரை என்று வைத்துக்கொள்வோம். உடல் மாறுகிறது, குரல் மாறுகிறது. தூக்கத்தின் கடிகாரமும் மாறுகிறது. பருவமடையும்போது இரவில் தூக்கம் வரும் நேரம் தானாகவே தள்ளிப்போகும். பள்ளி மணியோ அதே நேரத்தில்தான் அடிக்கும். 13 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்னது. காலை முதல் பாடவேளையில் எரிந்து விழுகிற பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, "நேத்து எத்தனை மணிக்குப் படுத்த?" என்பதுதான். பாதிப் பிரச்சினை அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

மூளையில் யோசித்து நிதானிக்கிற முன்பகுதி முழுதாக வளர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். உணர்ச்சியைக் கிளப்புகிற பகுதிகளோ இந்த வயதிலேயே முழு வேகத்தில் ஓடுகின்றன. இதோடு நண்பர்களின் கண்களும் சேர்கின்றன. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஆடியபோது நிதானமாக ஓட்டிய வளரிளம் பருவத்தினர், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அதிக ஆபத்தான முடிவுகளை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அன்று வகுப்பு சிரித்தது என்று சொன்னேனே, அந்தச் சிரிப்புதான் அவன் காலைக் கதவுப் பக்கம் தள்ளியது என்று இன்று நினைக்கிறேன். இந்த வயதுப் பிள்ளையை நாற்பது பேர் முன்னால் திட்டினால் அவன் திருந்துவதற்கு வழியே இல்லை. முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான்.

10 முதல் 19 வயதுக்குள் உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாற்பது பேர் வகுப்பு என்றால் ஐந்தாறு பேர். அவர்கள் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் எல்லோருக்குமாகத் தொடங்குகிறோம்.

படி 1: இரண்டு வாரம் வெறுமனே பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் நாளே பயிற்சிப் புத்தகத்தைத் திறப்பது. வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் பாருங்கள். சண்டை, அழுகை, வகுப்பை விட்டு ஓடுதல், "வயித்து வலி மிஸ்" என்று மருத்துவ அறைக்குப் போவது, எது நடந்தாலும் ஐந்து விஷயங்களை மட்டும் குறியுங்கள்: நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதன் பிறகு என்ன நடந்தது.

என் நோட்டிலிருந்து ஒன்று: "செவ்வாய், ஐந்தாம் பாடவேளை. குழுவாகப் பிரியச் சொன்னேன். அவளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. தலைவலி என்றாள். மருத்துவ அறைக்கு அனுப்பினேன்." இதே போல இரண்டு வாரத்தில் நான்கு குறிப்புகள். கடைசி வாக்கியம்தான் சாவி. குழு பிரிக்கும்போதெல்லாம் தலைவலி வருகிறது, தலைவலி வந்தால் குழுவிலிருந்து தப்பிக்க முடிகிறது. பொய் வலி என்று சொல்லிவிடாதீர்கள். பதற்றத்தில் வருகிற தலைவலி நிஜமாகவே வலிக்கும். அடுத்த முறை குழுக்களை நானே பிரித்துப் பெயர் வாசித்தேன். தலைவலி நின்றது. அதற்கு எந்தத் திட்டமும் தேவைப்படவில்லை.

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சம்பவங்கள் நாள் முழுக்கப் பரவியிருக்காது, சில இடங்களில் குவிந்திருக்கும். மாடிப்படி நெரிசல், விளையாட்டுப் பாடவேளைக்கு அடுத்த வகுப்பு, கடைசி மணி, மதிப்பெண் சொல்லும் நாள். மாடிப்படியில் இரண்டு வகுப்புகளை இரண்டு நிமிட இடைவெளியில் இறக்கினாலே சில சண்டைகள் காணாமல் போகும். விடைத்தாளைப் பெயர் சொல்லி, மதிப்பெண் சொல்லி நீட்டாமல் மடித்து மேசையில் வைத்தாலே சில பெஞ்சுகள் உதை வாங்காது. சூழலில் சரிசெய்ய முடிந்ததை முதலில் சரிசெய்துவிடுங்கள். நெரிசலை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது நியாயமில்லை.

படி 2: பெரியவர்களைத் தயார்செய்யுங்கள்

தலைமையாசிரியரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: டைம்டேபிளில் வாரம் ஒரு பாடவேளை, தினமும் ஐந்து நிமிடம், கூடவே உங்களைத் தவிர இன்னும் ஒருவர். "நேரம் கிடைக்கிறப்போ செஞ்சுக்கலாம்" என்ற பதில் வந்தால், மரியாதையாக, ஆனால் உறுதியாக, அப்படிச் செய்ய முடியாது என்று சொல்லுங்கள். பரீட்சை நெருங்கியதும் முதலில் வெட்டப்படுவது அந்த "கிடைக்கிற நேரம்"தான். பிள்ளைகளுக்கு இது அதிகம் வேண்டியிருப்பதும் அப்போதுதான்.

சக ஆசிரியர்களுக்கு உரை நிகழ்த்தாதீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதை அவர்களையே ஒரு முறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். நான் இதைச் செய்த அன்று, எல்லோரும் கண்டிப்பானவர் என்று சொல்லும் ஒரு மூத்த ஆசிரியர் கூட்டம் முடிந்து வந்து, "இது எனக்கே தேவைப்படுது சார்" என்றார். கத்திக்கொண்டே "அமைதியா இரு" என்று சொன்னால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது கத்தலைத்தான்.

பெற்றோரிடம் "மனநலத் திட்டம்" என்று மட்டும் சொன்னால் சிலர் பயந்துவிடுவார்கள், என் பிள்ளைக்கு என்ன குறை என்பார்கள். என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதை அப்படியே சொல்லுங்கள்: கோபம் வரும்போது என்ன செய்வது, பரீட்சைப் பயத்தை எப்படிச் சமாளிப்பது, உதவி எப்படிக் கேட்பது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உண்டு என்பதையும் சொல்லுங்கள். விருப்பமில்லாத பெற்றோர் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

படி 3: எந்தத் திட்டம்?

பள்ளிகளில் நடக்கும் திட்டங்களை மூன்று அடுக்குகளாகப் பார்ப்பது வழக்கம். எல்லோருக்குமான பொது அடுக்கு, சிரமப்படுகிற சிலருக்கான சிறு குழு அடுக்கு, மிகச் சிலருக்கான தனிப்பட்ட உதவி. தோராயமாக 80, 15, 5 விழுக்காடு என்று சொல்வார்கள். புதியவர் பொது அடுக்கிலிருந்து தொடங்குவதுதான் சரி. அது உறுதியாக நின்ற பிறகு இரண்டாம் அடுக்குக்குப் போகலாம்.

பொது அடுக்கு பயன் தருமா? துர்லக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011-ல் 213 திட்டங்களை, 2,70,034 மாணவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். உணர்ச்சிகளையும் உறவுகளையும் கையாளக் கற்ற மாணவர்களின் நடத்தை மேம்பட்டதோடு, படிப்பிலும் 11 சதமானப் புள்ளிகள் அளவுக்கு, அதாவது நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்பவர் பதினோரு இடம் முன்னேறுவதுபோல, முன்னேற்றம் தெரிந்தது. "பாடம் கெட்டுப்போகும்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். அதே ஆய்வில் பயன்தந்த திட்டங்களுக்கு நான்கு குணங்கள் இருந்தன: பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக இருக்கும், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்காமல் செய்து பழகுவார்கள், அதற்கென்று தனி நேரம் இருக்கும், இன்று எந்தத் திறனைப் பழகுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கும். உங்கள் கைக்கு வரும் எந்தத் திட்டத்தையும் இந்த நான்கையும் வைத்து உரசிப் பாருங்கள்.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை மட்டும் கவனிக்கப் பழகும் பயிற்சி, இன்று எல்லோரும் கேட்பது. பிரிட்டனில் 'மிரியட்' என்ற பெரிய ஆய்வு 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயதுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்தது. 2022-ல் முடிவு வந்தபோது, வகுப்பு முழுவதற்கும் மைண்ட்ஃபுல்னெஸ் கற்றுக்கொடுத்தது வழக்கமான உணர்வுசார் பாடங்களைவிட மேலான பலனைத் தரவில்லை என்று தெரிந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதை வீட்டில் பழகவே இல்லை. எனக்கு இதில் படிப்பினை, பயிற்சி மோசம் என்பதில்லை. பழகாத பயிற்சி வேலை செய்யாது என்பதுதான்.

யார் நடத்துவது என்பதும் முக்கியம். பீகாரின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து, 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான 'சேஹர்' ஆய்வில் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நடத்தினார்கள். அவர்கள் மனநல நிபுணர்கள் அல்லர். வேறு சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக மேம்பட்டது, கேலி கிண்டல் வன்முறையும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்தியவற்றில் அப்படி மாற்றம் தெரியவில்லை. துர்லக்கின் தொகுப்பிலோ வகுப்பாசிரியர்கள் நடத்தியவையும் நன்றாகவே பலன் தந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஆசிரியரால் முடியும், ஆனால் மற்ற வேலைகளுக்கு நடுவே செருகிவிட்டால் முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படி 2-ல் நேரத்தைக் கேட்டு வாங்கச் சொன்னது இதனால்தான்.

இரண்டைத் தவிருங்கள். பயமுறுத்தித் திருத்தும் சொற்பொழிவு ஒன்று. "அடங்காத பிள்ளைகளை" மட்டும் பொறுக்கி ஒரே அறையில் உட்கார வைத்து நடத்தும் வகுப்பு இன்னொன்று. டிஷியன், மக்கோர்ட், பூலின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1999-ல் எழுதிய கட்டுரை, இப்படிச் சேர்த்த குழுக்களில் சில பிள்ளைகளின் நடத்தை முன்பைவிட மோசமானதைக் காட்டியது. ஒருவன் செய்த வம்பைச் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது. சிறு குழு அமைத்தால் நிதானமான பிள்ளைகளையும் கலந்து சேருங்கள்.

படி 4: வாராந்தரப் பாடங்கள்

பத்துப் பன்னிரண்டு வாரம் போதும். வரிசை இப்படி: உடலின் அறிகுறிகளைக் கவனிப்பது, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, உடலை அமைதிப்படுத்துவது, எண்ணத்தைச் சோதிப்பது, பிரச்சினையைப் படிப்படியாகத் தீர்ப்பது, மறுத்துப் பேசவும் உதவி கேட்கவும் பழகுவது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு வாரம். முதல் மூன்றில் அவசரப்படாதீர்கள்.

முதல் வகுப்பில் நான் பெரிய தாளில் ஒரு மனித உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து ஒட்டுவேன். "கோபம் வரப்போகுதுன்னு உங்க உடம்புக்கு எங்கே முதல்ல தெரியும்?" என்று கேட்பேன். முதலில் யாரும் எழுந்து வரமாட்டார்கள். ஒருத்தி வந்து காது மடலில் சிவப்பாகப் புள்ளி வைப்பாள். அதன்பின் வரிசை கட்டுவார்கள். தாடை, தோள், வயிறு, உள்ளங்கை வியர்வை. ஒரு பையன் முழங்காலில் வைத்தான், "எனக்குக் கால் தானா ஆடும்" என்று. கோபத்தின் காரணத்தைக் கேட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள், உடம்பில் இடத்தைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த இடம் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மணி. கால் ஆடத் தொடங்கியதும் கவனிக்கிற பிள்ளை பெஞ்சை உதைப்பதற்கு முன்பே நின்றுவிட முடியும்.

அடுத்து பெயர். "நல்லா இருக்கேன்", "கடுப்பா இருக்கு" என்ற இரண்டு சொற்களில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவார்கள். கடுப்பு என்பதற்குள் ஏமாற்றம், அவமானம், பொறாமை, பயம், சோர்வு, தனிமை எல்லாம் இருக்கின்றன. சொற்களைப் பலகையில் எழுதி, "பேர் சொல்லி எல்லோர் முன்னாலும் மார்க் சொல்றாங்க, இதுல எது?" என்று சின்னச் சின்னச் சூழ்நிலைகளைக் கொடுங்கள். பெரும்பாலோர் அவமானம் என்பார்கள். கோபத்துக்கு அடியில் அவமானம் இருந்தது என்று கண்டுபிடிக்கிற பிள்ளையிடம் பேசுவது எவ்வளவோ எளிது. 1 முதல் 10 வரை ஓர் ஏணியும் வரையுங்கள். "இப்ப நீ எத்தனையாவது படியில இருக்க?" என்பது பள்ளி முழுக்கப் புழங்கும் கேள்வியாகட்டும்.

உடலை அமைதிப்படுத்த எளிய வழி மூச்சு. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது. வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. காரணத்தைச் சொல்லிவிட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் மதித்துச் செய்வார்கள். மணிக்கட்டில் விரல் வைத்து முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணச் சொல்லுங்கள், தாங்களே கண்டுபிடித்ததாக மகிழ்வார்கள். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். மோசமான அனுபவம் கடந்து வந்த பிள்ளைக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இது சிரமமாக இருக்கலாம். அவர்களுக்குப் பாதங்களைத் தரையில் அழுத்துவது, கண்ணில் படுகிற ஐந்து பொருள்களை மனதுக்குள் பெயர் சொல்வது, கையை இறுக்கிப் பிடித்து விடுவது என்று வேறு வழிகளைக் கொடுத்து, எது பிடிக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

எண்ணத்தைச் சோதிக்கும் பாடத்தில் ஒரு கேள்வி போதும்: "இதையே உன் நண்பன் சொன்னா, அவனுக்கு என்ன பதில் சொல்லுவ?" "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று எழுதிய பிள்ளை நண்பனுக்கு அப்படிச் சொல்லவே மாட்டான். மீதிப் பாடங்களுக்கு நடித்துக்காட்டுவதுதான் வழி; எழுதவைத்தால் இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும்.

இதையெல்லாம் தாங்கி நிற்பது அந்தத் தினசரி ஐந்து நிமிடம்தான். உங்கள் நோட்டில் எந்த நேரத்தில் சம்பவங்கள் குவிந்தனவோ அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் அதை வையுங்கள். எங்களுக்கு அது மதிய இடைவேளை முடிந்த உடனே. மூன்று நிமிடத்தில் 18 மூச்சு, பிறகு ஏணியில் எந்தப் படி என்று விரலால் காட்டுவது. அவ்வளவுதான். சலிப்பாக இருக்கிறது என்பார்கள், தொடருங்கள்.

படி 5: கொதிக்கும் நேரத்துக்கு ஒரு வழி

பழகியதைப் பயன்படுத்த இடம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அட்டை. அதை மேசை ஓரத்தில் வைத்தால், "எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும்" என்று பொருள். ஆசிரியர் கேள்வி கேட்காமல் தலையசைப்பார். பிள்ளை போய் முகம் கழுவி, தனக்குப் பிடித்த வழியைச் செய்துவிட்டு வந்து உட்காரும். விட்ட பாடத்தைப் பிறகு எழுதிவிட வேண்டும். விதி இவ்வளவுதான்.

ஆசிரியர்கள் உடனே கேட்பார்கள்: "எல்லாரும் இதை வச்சு ஏமாத்துவாங்களே?" ஆரம்பத்தில் சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். பாடம் போகாமல் எழுதித்தான் ஆகவேண்டும் என்று தெரிந்ததும் குறைந்துவிடும். ஒரே பாடத்தில் மட்டும் ஒரு பிள்ளை அட்டையை அடிக்கடி வைத்தால், அதைத் தப்பு என்று எடுக்காமல் தகவல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டை வைக்காமலே வெடித்துவிட்டால்? அந்த நேரத்தில் அறிவுரை வேண்டாம். குரலைத் தாழ்த்தி, குறைவாகப் பேசி, மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்துப் பார்வையாளர்களைக் குறையுங்கள். பேச்சு பிறகு, தனியாக. "ஏன் செஞ்ச?" என்ற கேள்விக்கு இந்த வயதில் பதில் கிடையாது, "தெரியல" என்றுதான் வரும். "என்ன நடந்துச்சு? அப்ப மனசுல என்ன ஓடுச்சு? யாருக்குக் கஷ்டமாச்சு? அதைச் சரிசெய்ய நீ என்ன செய்யலாம்?" என்று வரிசையாகக் கேளுங்கள். உடைத்ததை ஒட்டுவதும், சிதறியதைப் பொறுக்கிக் கொடுப்பதும் மன்னிப்புக் கடிதத்தைவிட மதிப்புள்ளவை.

படி 6: கூடுதல் கவனம் தேவைப்படும் சிலர்

பொது அடுக்கு ஒரு பருவம் ஓடிய பிறகும் சிலர் தடுமாறுவார்கள். அவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது காலை–மாலைச் சந்திப்பு. பல நாடுகளில் நடைமுறையில் இருப்பது, செலவும் இல்லை. காலையில் பள்ளி தொடங்கும் முன் அந்தப் பிள்ளை ஒரு குறிப்பிட்ட பெரியவரைப் பார்க்கும். அன்றைய புள்ளி அட்டையை வாங்கிக்கொள்ளும் (படி 5-ல் சொன்ன அட்டை வேறு). அட்டையில் இரண்டு மூன்று குறிக்கோள்கள், ஒவ்வொரு பாடவேளைக்கும் 0, 1, 2 என்று ஆசிரியர் குறிப்பார். மாலையில் அதே பெரியவரிடம் காட்டி, இரண்டு நிமிடம் பேசிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகும். வழக்கமாக 80 விழுக்காடு புள்ளிகள் இலக்கு; மிகவும் தடுமாறும் பிள்ளைக்கு 50-லிருந்து தொடங்குங்கள்.

குறிக்கோளை நல்லவிதமாக எழுத வேண்டும். "சண்டை போடக் கூடாது" என்று எழுதாமல் "கையைத் தன்னிடமே வைத்திருப்பேன்" என்று எழுதுங்கள். காலையில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"வாடா. தூங்குனியா?"

"ம்ம்."

"எந்தப் படி?"

"அஞ்சு. இன்னைக்கு சயின்ஸ் டெஸ்ட் சார்."

"சரி, அந்தப் பீரியட்ல அஞ்சு ஏழாச்சுன்னா என்ன செய்வ?"

"காலை அழுத்துவேன். முடியலன்னா அட்டை."

"போதும். சாயங்காலம் வா, சொல்லு."

ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் தினமும் தன்னை எதிர்பார்த்து ஒருவர் நிற்கிறார் என்பது சில பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதல் முறை. அந்தப் பெரியவர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் யார் என்பதைப் பிள்ளைக்கு முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அட்டையைப் பார்த்து வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சந்திப்பு, பெரியவர்களின் கவனத்துக்கு ஏங்கும் பிள்ளைக்கு மிக நன்றாக வேலை செய்யும். வாசிக்கத் தெரியாததால் வாசிப்பு வகுப்பில் வம்பு செய்கிற பிள்ளைக்குச் செய்யாது. அவனுக்கு முதலில் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் நோட்டில் "முன்பு", "பின்பு" என்று எழுதியவை இதைக் காட்டிக்கொடுக்கும்.

படி 7: உங்கள் எல்லை

நீங்கள் மருத்துவர் இல்லை. சில அறிகுறிகளைக் கண்டால் அன்றே அடுத்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்: உடலில் தானே ஏற்படுத்திக்கொண்ட காயங்கள், "நான் இல்லாமப் போனா நல்லா இருக்கும்" போன்ற பேச்சு, பிடித்த பொருள்களைத் திடீரென எல்லோருக்கும் கொடுத்துவிடுவது, வாரக்கணக்கில் யாரோடும் சேராமை, சாப்பாடும் தூக்கமும் முற்றிலும் மாறிப்போவது, வீட்டிலோ வெளியிலோ யாராவது துன்புறுத்துவதாகத் தெரிவது.

சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். தூண்டாது என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. கேட்டதும் பல பிள்ளைகள் மூச்சு விட்டு அழுவார்கள், யாரோ கேட்டார்களே என்று. ஆம் என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து, மனநல மருத்துவரிடம் சேரும்வரை உடன் இருங்கள். வீட்டிலேயே ஆபத்து என்றால் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பை அழையுங்கள். யாரை அழைப்பது, எண் என்ன என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேடக் கூடாது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் வகுப்பிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும், உங்களுக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் மட்டும், உதவக்கூடியவரிடம் சொல்வேன், உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

படி 8: பலன் தெரிகிறதா?

தொடங்கும் முன்பும் பருவ முடிவிலும் சிலவற்றை எண்ணுங்கள்: வருகை, தாமதம், அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டவர்கள், மருத்துவ அறைக்குப் போனவர்கள். கேள்வித்தாள் வேண்டுமென்றால் ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட 25 கேள்விகள் கொண்ட வலிமைகள்–சிரமங்கள் வினாப்பட்டியல் பல மொழிகளில் கிடைக்கிறது. 11 வயது ஆனவர்கள் தாங்களே நிரப்பலாம். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை, எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்த அதைப் பயன்படுத்தக் கூடாது.

முதல் ஓரிரு மாதத்தில் புகார்கள் கூடுவதுபோலத் தெரியலாம். இதுவரை வாயே திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கியிருப்பார்கள், பயந்துவிடாதீர்கள். ஆனால் பருவ முடிவிலும் ஒரு பிள்ளை முன்பைவிட வாடித் தெரிந்தால், தன் கவலைகளையே சுற்றிச் சுற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தால், திட்டம் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்று ஒப்புக்கொண்டு நிறுத்துங்கள்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் வாராந்தர வகுப்பு நிற்கலாம், தினசரி ஐந்து நிமிடம் நிற்கக் கூடாது. ஆண்டு இறுதியில் அடுத்த வகுப்பின் ஆசிரியரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். பிள்ளைகள் நம்பிச் சொன்ன சொந்த விஷயங்களைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எது கைகொடுக்கிறது என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். முழங்காலில் புள்ளி வைத்த பையனுக்கு நான் எழுதிக் கொடுத்த வரி இது: "விடைத்தாளை மடித்துக் கொடுங்கள், காலை ஆட்டினால் தண்ணீர் குடிக்க அனுப்புங்கள், திரும்பி வந்ததும் எதுவும் கேட்க வேண்டாம், அவனே சொல்வான்."